பதினொரு பேரைப் பங்கு போட்டார்கள்

நாங்கள் பதினொரு பேரும் ஒரு பஸ் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தோம். இப்படிச் சொன்னால் இன்றைக்குச் சிலருக்குக் கோபம் வரலாம். அன்றைக்கு எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பட்டணத்து லீகில் பந்து ஆடுகிறவன் ஆட்டத்துக்கென்று சம்பளம் வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதனால் எங்களைக் கண்டக்டர், டிரைவர், ஷெட் மெக்கானிக் என்று வேலையில் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு நடை வண்டியில் போய் வந்தால் போதும். சாயங்காலம் மந்தைவெளித் திடலில் பயிற்சி. மாட்ச் நாளில் வண்டிப் பக்கமே போக வேண்டாம். மற்றக் கண்டக்டர்கள் எங்களைப் 'பந்துக்காரங்க' என்பார்கள். அதில் கேலியும் இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

நான் சாந்தோம் குப்பத்துக்காரன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் கட்டுமரத்தில் ஏறினால் குடலைப் பிரட்டும். அதனால் கரையில் வலை இழுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஈர மணலில் பந்து உதைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மணலோரம் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கடலுக்குப் போறியா, எங்க வண்டிக்கு வர்றியா?" என்றார். அடுத்த வாரம் நான் கண்டக்டர். சில மாதம் கழித்து என் மனைவியின் தம்பியையும் அவரே பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு சென்டர் ஹாப், அதாவது நடுவில் நின்று பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இடம். மச்சானுக்கு லெப்ட் அவுட், இடது கோடியில் ஓடுகிற இடம். தாய் தகப்பன் இல்லாதவன், எங்களோடுதான் இருந்தான். ஒரே குடிசையில் சாப்பிட்டு, ஒரே ஷெட்டுக்கு வேலைக்குப் போய், ஒரே திடலில் ஆடினோம்.

காரில் வந்தவர் சின்ன முதலாளி. அவருக்கு ஓர் அண்ணன். கம்பெனி இரண்டு பேருக்கும் பொது. தகப்பனார் ஜட்கா வண்டிகள் வைத்திருந்தாராம். பிள்ளைகள் மோட்டாருக்கு மாறினார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் நாங்கள் சொல்லுவோம். பெரியவர் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் பழைய வீட்டிலேயே இருந்தார். சின்னவர் மாம்பலத்தில், ஏரியை மேடாக்கி மனை போட்டு விற்ற இடத்தில், புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்திருந்த மூன்று நான்கு வருஷமும் எங்கள் டீமை யாராலும் தொட முடியவில்லை. பூட்ஸ் போட்ட பட்டாளத்து டீமைக்கூட வெறுங்காலால் அடித்தோம். அதற்குக் காரணம் நாங்கள்தான் என்று அப்போது நினைத்திருந்தேன். சின்னவருக்கு ஆட்டம் தெரியும். யாரை எங்கே நிறுத்துவது, யாரை உட்காரவைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கோபக்காரர். ஒரு மாட்ச் சரியாக ஆடாவிட்டால் அப்போதே ஆளை மாற்ற வேண்டும் என்பார். பெரியவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை புரியவில்லை. ஆனால் அடிபட்டவன் வீட்டுக்குக் கட்டு வைத்தியரை அனுப்புவது அவர். தம்பி கத்தும்போதெல்லாம், "இன்னொரு ஆட்டம் பாக்கலாம் நைனா" என்று மட்டும் சொல்லுவார். அந்த ஒரு பேச்சினால்தான் நாங்கள் பயமில்லாமல் ஆடினோம். தப்பாகப் போனாலும் அடுத்த வாரம் இடம் உண்டு என்று தெரிந்தவனால்தான் முப்பது கஜத்துக்குக் குறுக்கே பந்து கொடுத்துப் பார்க்க முடியும். அதே மாதிரி, பெரியவர் பாவம் பார்த்து உள்ளே விட்ட ஆளைத் தம்பி தயவு பார்க்காமல் வெளியே அனுப்பிவிடுவார். ஒருவர் இல்லாமல் மற்றவர் என்ன ஆவார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அந்த வருஷம் லீக் பாதி நடந்திருக்கும்போது ஷெட்டில் ஒரு மாதிரியான அமைதி வந்தது. சின்னவர் ஒரு வாசல் வழியாக வந்தால் பெரியவர் இன்னொரு வாசல் வழியாகப் போனார். எதனால் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. புது வீட்டினால் என்றார்கள். வீட்டுப் பெண்களுக்குள் ஏதோ என்றும் சொன்னார்கள். எங்களுக்குச் சரியாக எதுவும் தெரியாது. டிரைவர்கள் வண்டியைக் கிளப்ப ஹாண்டில் போடுவதுகூட மெதுவாகப் போடுகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலை ஷெட் கணக்கர் எங்களைப் பின்பக்கம் வரச் சொன்னார். அவர் மயிலாப்பூர் மாடவீதிக்காரர், டீமுக்குக் காரியதரிசியும் அவர்தான். டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாகம் ஆயிடுத்து. அடையார் லைனும் சாந்தோம் லைனும் பெரியவருக்கு. மாம்பலம் லைன், ராயப்பேட்டை லைன் ரெண்டும் சின்னவருக்கு. எந்த வண்டி எந்தப் பக்கம் போறதோ, அதுல இருக்கறவாளும் அந்தப் பக்கம்."

எங்கள் கோல்கீப்பர் ராயப்பேட்டைக்காரர், நல்ல உயரம், டிரைவராக இருந்தார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் கேட்டார். "டீம் இன்னா ஆவுது ஐயரே?"

"டீம் இன்னும் பொதுவுலதான் இருக்கு, பாகம் பண்ணின ஆத்துக் கிணறு மாதிரி. சீசன் முடியற வரைக்கும் அதைத் தொட வேண்டாம்னு மத்தியஸ்தம் பண்ணினவா சொல்லிட்டா. அப்புறம் ரெண்டு பேர்ல ஒருத்தருக்குன்னு தீர்த்துடுவா."

"யாருக்குன்னு எப்டி முடிவு பண்ணுவாங்க?"

கணக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரோட ஆட்கள் டீமைத் தூக்கி நிறுத்தறாளோ அவாளுக்குன்னு ஒரு பேச்சு இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிண்டு திரியாதேங்கோ."

நான் அடையாறு வண்டி. மச்சான் மாம்பலம் வண்டி. டீமில் ஆறு பேர் பெரியவர் பக்கமும் ஐந்து பேர் சின்னவர் பக்கமும் போனோம். யாருடைய விருப்பத்தையும் யாரும் கேட்கவில்லை. அன்று காலை எந்த வண்டியில் ஏறினோமோ அதுதான் எங்கள் எஜமானைத் தீர்மானித்தது. முதல் வாரம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். "இன்னா மச்சான், நீ இப்போ வேற ஜாதி" என்று அவன் என்னைக் கிண்டல் பண்ணினான்.

அடுத்த மாட்ச் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

மாட்ச்சுகள் ராயப்பேட்டைப் பக்கம், மூங்கில் தட்டி அடைத்த ஒரு மைதானத்தில் நடக்கும். எப்போதும் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே கோட்டோரம் அடுத்தடுத்து நாற்காலி போட்டிருப்பார்கள். அன்றைக்குப் போய்ப் பார்த்தால் சின்னவர் நாற்காலி கிழக்குக் கோட்டோரம், பெரியவர் நாற்காலி மேற்குக் கோட்டோரம். நடுவில் நாங்கள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவது வழக்கமல்லவா. அதனால் முதல் பாதியில் மச்சான் தன் முதலாளிக்கு முன்னால் ஓடினான், இரண்டாம் பாதியில் என் முதலாளிக்கு முன்னால் ஓடினான். நான் அவனுக்குப் பந்து கொடுத்தால் அது பெரியவரின் மூக்குக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. கொடுக்கிறதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்த மாட்ச்சில் மச்சான் ஒரு கோல் போட்டான். நான் கொடுத்த பந்துதான். ஜெயித்தோம். சின்னவர் எழுந்து நின்று கை தட்டினார். பெரியவர் பக்கம் நான் பார்த்தேன். அவர் குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நடை முடிந்ததும் பெரியவர் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நான் அந்த வீட்டுக்குள் அதுவரை போனதில்லை. கூடத்தில் உட்காரச் சொன்னார். நான் நின்றேன். திரும்பவும் சொன்னார். உட்கார்ந்தேன். காப்பி வந்தது. அவர் என் கால் நகம் பெயர்ந்திருந்ததைப் பார்த்து, மருந்து போட்டாயா என்று கேட்டார். அப்புறம் சும்மா ஞாபகம் வந்தது மாதிரி கேட்டார்.

"நேத்து ரொம்ப அந்தப் பக்கமே பந்தைத் தள்ளிக்கினு இருந்தியே, ஏம்ப்பா?"

"ஆள் அங்க காலியா நின்னுச்சுங்க."

"இருக்கலாம். எனக்கு ஆட்டம் தெரியாது. நம்ம ரைட் அவுட் பையன் சும்மாவே நின்னுக்கினு இருந்த மாதிரி பட்டுது. அதான் கேட்டேன். காப்பி ஆறிடப் போவுது, குடி."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. வெளியே வந்து குளத்துப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அவர் என்ன சொன்னார் என்பதை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தேன். 'நம்ம' என்ற ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பதினொரு பேரையும் அந்த வார்த்தையால்தான் சொல்லியிருக்கிறார். இப்போது அதில் பாதி ஆட்கள் இல்லை.

அடுத்த மாட்ச்சில் நான் வலது பக்கம் நிறையக் கொடுத்தேன். வேண்டுமென்று கொடுத்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பந்து காலுக்கு வரும்போது இடது பக்கம் ஒரு கண், மேற்குக் கோட்டோர நாற்காலி பக்கம் ஒரு கண். அதற்குள் எதிராளி வந்துவிடுவான். யோசிக்காமல் செய்கிற வேலையை யோசித்துச் செய்ய ஆரம்பித்தால் அது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மட்டுமல்ல. கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற பேக் ஒருவர், சின்னவர் பக்கத்து ஆள், பெரியவர் பக்கத்து ஆளுக்குப் பந்து விடாமல் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பறிகொடுத்தார். பாய்க்குக் கோலுக்குள்ளிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. தோற்றோம்.

அதற்கு மறுநாள் லஸ் முனையில் வண்டி நின்றிருந்தபோது சின்னவரின் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"உன்னைக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார்.

"நீங்கதான்."

"ஞாபகம் கீதா? நல்லது." அவ்வளவுதான். கார் போய்விட்டது. வண்டியில் ஏறியிருந்த ஜனங்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் விசிலை ஊதி வண்டியைக் கிளப்பச் சொன்னேன்.

வீட்டில் பேச்சு குறைந்தது. மச்சான் சாப்பிட்டுவிட்டு வெளியே போய் மணலில் படுத்துக்கொள்ளுவான். என் மனைவி மயிலாப்பூர்ப் பக்கம் கூடையில் மீன் கொண்டுபோய் விற்று வருவாள். அப்போது அவள் முழுகாமல் ஐந்தாறு மாதம். ஒரு நாள் மத்தியானம் மீனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவனுக்கு நீ பந்தே குடுக்கறதில்லையாமே?"

"யாரு சொன்னா?"

"அவன் சொல்லல. அவன் ஒண்ணும் சொல்லாம கீறானே, அதுலயே தெரியுது. இந்த மாதிரியே நின்னுக்கினு இருந்தா வேலைய உட்டு எடுத்துருவாங்கன்னு பயந்துக்கினு கீறான்."

"குடுத்தா எனக்கு வேலை போவும்."

அவள் கையை நிறுத்தினாள். "அப்போ ரெண்டுல ஒண்ணு போவணுமா?"

அவள் தம்பியும் நானும் ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு, எவன் வேலை போகும் என்று காத்துக்கொண்டிருந்தோம். பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. கண்டக்டர் வேலையும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது, கடலும் ஒத்துக்கொள்ளாது. காலைத் தவிர எனக்கு வேறு எதுவும் இல்லை. அந்தக் காலும் யாருக்குச் சொந்தம் என்பதில் இப்போது தகராறு.

தொடர்ந்து தோற்றோம். மேலே இருந்தவர்கள் சரிந்து சரிந்து கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம். கடைசி மாட்ச்சிலும் தோற்றால் முதல் டிவிஷனிலிருந்து இறக்கிவிடுவார்கள். கணக்கர் ஒரு நாள் என்னிடம் தனியாகச் சொன்னார். "கீழ போயிட்டா இந்த டீம் ரெண்டு பேருக்குமே வேண்டாம்டா. பந்தாடாத பந்துக்காரனை வண்டியில வெச்சிண்டு யாரு சம்பளம் குடுப்பா?"

அந்த வாரம் பாய் எங்கள் எல்லோரையும் அடையாற்று முகத்துவாரத்துக்கு வரச் சொன்னார். திடலில் கூடினால் இரண்டு பக்கத்துக்கும் சேதி போய்விடும் என்று பயம். சாயங்கால வெயில். பாலத்துக்குக் கீழே மணல் திட்டில் உட்கார்ந்தோம். பழக்கம் மாறிப்போய், எங்களை அறியாமலே ஆறு பேர் ஒரு பக்கமாகவும் ஐந்து பேர் ஒரு பக்கமாகவும் உட்கார்ந்திருந்தோம். பாய் அதைப் பார்த்தார். எழுந்து வந்து ரைட் அவுட்டுக்குப் பக்கத்தில் இருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து மச்சான் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எனுக்கு ஒண்ணுதான் தோணுது," என்றார். "மாட்ச்சுக்கு ரெண்டு பேருமே வரக்கூடாது. வந்தா தோத்துடுவோம்."

"முதலாளிகிட்ட போய் நீ வராதேன்னு எவன் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"சொல்லித்தான் ஆவணும். தோத்தா எப்டியும் வேல போவுது. சொல்லிட்டு போவட்டுமே."

அவரவர் முதலாளியிடம் அவரவர் போனால், தன் ஆளையே மற்றவர் வளைத்துவிட்டார் என்று சந்தேகம் வரும்; எதிர்ப் பக்கத்து ஆள் வந்து கேட்டால் டீமே கேட்கிறது என்று புரியும். ஆகவே மாற்றிப் போவதென்று முடிவாயிற்று. சின்னவரிடம் நான். பெரியவரிடம் மச்சான்.

மாம்பலத்துப் புது வீட்டில் சுண்ணாம்பு ஈரம் இன்னும் காயவில்லை. சின்னவர் மாடிப்படியில் நின்றபடியே கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

"என் டீமை நான் பாக்கக் கூடாதா?" என்றார். குரல் உயரவில்லை. "மணல்ல உதைச்சுக்கினு இருந்தவங்களைப் பொறுக்கி எடுத்து வந்து நிறுத்தினவன் நான். என்னைப் பாத்தா உங்களுக்கு ஆட வரலியா?"

"உங்களைப் பாத்தா இல்லீங்க. எங்களை ரெண்டு பேரு ரெண்டு பக்கமா ஒக்காந்து பாக்கறதுதாங்க."

மேஸ்திரி ஒருவர் ஏதோ கேட்க வந்து, அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார். கடைசியில் சின்னவர், "அண்ணன் வர்றாரா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"அவர் வரலேன்னா நானும் வரல. போ."

மயிலாப்பூரில் மச்சானுக்கு இவ்வளவுகூட நேரமாகவில்லையாம். பெரியவர் அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, அதே கேள்வியைத்தான் கேட்டாராம். தம்பி வருகிறானா என்று. அவன் வராவிட்டால் தானும் வரவில்லை என்றாராம். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னதைக் கேட்டு நாங்கள் யாரும் நம்பவில்லை. மற்றவர் வருவார் என்று நினைத்து ஒருவர் வருவார், அவரைப் பார்த்து இன்னொருவர் வருவார் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. மாட்ச் வரைக்கும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்து முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக இரண்டு வாய் தின்றேன்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் பதினொரு பேரும் கோட்டோரத்தைத்தான் பார்த்தோம். இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள். இரண்டும் காலி. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் வரைக்கும் வரப்போகிறார்கள் என்றே நினைத்தேன். தட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும். அந்தத் திரும்பலில்தான் எதிராளி என் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் அடித்தான்.

இடைவேளையில் யாரும் யாரையும் திட்டவில்லை. பாய் மட்டும், "அவங்க வரலபா. இனிமே வந்தாலும் வந்துட்டுப் போவட்டும்" என்றார். மச்சான் என் பக்கத்தில் குந்தி, கணுக்காலில் சுற்றிய துணியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். "இந்தப் பாதி மேக்கால ஓடப்போறேன். பெரியவரு நாற்காலிக்கு முன்னால. நீ பாக்காத. உன் பாட்டுக்கு குடு," என்றான்.

நான் கொடுத்தேன். முதல் இரண்டு பந்தும் அவனைத் தாண்டி வெளியே போயிற்று. அத்தனை நாள் கொடுக்காமல் இருந்ததில் அவனுடைய ஓட்டத்தின் அளவே எனக்கு மறந்துபோயிருந்தது. மூன்றாவது பந்து சரியாக அவன் காலுக்கு முன்னால் விழுந்தது. அவன் அதை உள்ளே தூக்கிப் போட, பெரியவர் பக்கத்து ரைட் அவுட் ஓடி வந்து தலையால் முட்டினான். கோல். ஒரு பக்கத்தான் கொடுத்து மறு பக்கத்தான் போட்ட கோல். அவன் ஓடிப்போய் மச்சானைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு என்ன ஆடினோம் என்று எனக்கு வரிசையாக நினைவில்லை. நான் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். முடியும் தறுவாயில் மச்சானே ஒன்று போட்டான். அதற்கப்புறம் அவர்கள் அடித்ததையெல்லாம் பாய் தன் மார்பால் தடுத்துக்கொண்டு நின்றார். ஜெயித்தோம்.

அன்று சாயங்காலம் நானும் மச்சானும் கடற்கரை வழியாகவே நடந்து வந்தோம். என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உலை வைத்தாள்.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் தோற்றிருந்தால் யாருக்கும் வேண்டாத டீம், ஜெயித்ததனால் இரண்டு பேருக்கும் வேண்டியதாகிவிட்டது. தன் ஆள் கொடுத்த பந்து என்றார் ஒருவர், தன் ஆள் போட்ட கோல் என்றார் மற்றவர். மத்தியஸ்தம் செய்தவர்கள் கையை விரித்தார்கள். வக்கீல்கள் வந்தார்கள். விவகாரம் தீரும்வரை அந்தப் பெயரில் யாரையும் ஆட விடுவதில்லை என்று லீகில் சொல்லிவிட்டார்கள். அடுத்த சீசன் முழுக்க மந்தைவெளித் திடலில் மாடு மேய்ந்தது. நாங்கள் நாள் முழுக்க வண்டியில் ஓடினோம். என்னைப் பற்றிப் பயணிகள் புகார் சொல்லாத வாரம் இல்லை. என்றைக்குக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்று தினமும் எதிர்பார்த்துக்கொண்டே ஷெட்டுக்குப் போவேன். மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது அந்த நாட்களில்தான். பெரியவர் வீட்டிலிருந்து ஒரு சீலை வந்தது. அதை வாங்கிக்கொள்ளும்போதுகூட இதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. பாய் பட்டணத்தின் வடகோடியில் ஒரு மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி, தான் போய்ச் சேர்ந்துவிட்டு எங்களையும் கூப்பிட்டார். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்ததா, அல்லது வயதினால் அப்படியா, தெரியவில்லை. மச்சான் சின்னவரிடம் சொன்னபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அந்த மில்லுக்கு முதலாளி யாரென்றே எங்களுக்குத் தெரியாது. எங்கேயோ சீமையில் இருக்கிறார்கள் என்றார்கள். மாட்ச் பார்க்க மானேஜர் எப்போதாவது வருவார், பாதியில் எழுந்து போய்விடுவார். தோற்றால் யாரும் கேட்கவில்லை, ஜெயித்தாலும் கேட்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். மச்சானுக்கு எப்போது வேண்டுமோ அப்போது பந்து கொடுத்தேன். ஆனால் ஒரு வருஷமும் நாங்கள் மேலே வரவில்லை. நடுவிலேயே இருந்தோம். அடிபட்டவன் தானாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். "ஆட்டம் நல்லாத்தான் ஆடறோம். இன்னாத்துக்கு ஆடறோம்னுதான் தெரியல," என்று மச்சான் ஒரு நாள் சொன்னான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பஸ் லைன்களை அண்ணனும் தம்பியும் சில வருஷத்துக்குள் தனித்தனியாக வேறு வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். டீமின் பெயர் யாருக்கென்று கடைசிவரை தீரவே இல்லை. நான் முழங்கால் போகிறவரை மில்லுக்கு ஆடினேன். பிறகு நூல் கட்டுகிற பக்கம் எனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. மச்சான் கல்யாணம் பண்ணிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி வேண்டுமா என்று அவன் கேட்டபோது, என் மனைவிதான் வேண்டாம் என்றாள்.